உருளையைக் கட்டிப்போடாத உத்தமர்

கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஞாயிறு விடியலுக்கு அணிகலனாய் விளங்கும் அண்ணலே! அக்கரை தொடங்கி மாமல்லபுரம் வரை உறங்கிக் கிடக்கும் உயிர்களையெல்லாம் ஒரே உறுமலில் துயிலெழுப்பி அருளும் கருணைக் கடலே! இரண்டு கதவும் இரண்டு இருக்கையும் மட்டுமே உள்ள ஊர்திக்குள் ஐந்நூறு குதிரைகளை அடைத்து, முட்டுக்காட்டில் காலை நடைக்கு வந்த முதியோர் கைத்தடியை நழுவவிட்டு வணங்கும்படி கடந்து செல்லும் அசுவபதியே! எளியேன் ஒரு பாட்டோடு வந்திருக்கிறேன். செவி சாய்க்க வேண்டும்.

தங்கள் எஞ்சினைப் பாடப் புலவர் பலர் உண்டு. சைலன்சரைப் பாராட்டக் காவல்துறையினரே அவ்வப்போது ரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்கிறார்கள். மஞ்சள் வண்ணம் தீட்டிய பிரேக் காலிப்பரைப் படமெடுத்துப் பரவசமடையக் கல்லூரி மாணவர் கூட்டம் இருக்கிறது. இவர்கள் எவர் கண்ணிலும் படாத ஒன்றைப் பாடவே அடியேன் வந்தேன். அது தங்கள் ஊர்தியில் எழுந்தருளியிருக்கும் தீயணைப்பான். இன்னும் குறிப்பாகச் சொன்னால், அந்தத் தீயணைப்பான் எந்தப் போல்ட்டாலும் பிணைக்கப்படாமல் எழுந்தருளியிருக்கும் மாட்சி.

தங்கள் ரதமும் தீப்பற்றக் கூடும் என்று ஒப்புக்கொண்டதே முதற்கண் பெருந்தன்மை. குடும்பஸ்தர்கள் ஓட்டும் காரில் எஞ்சினைச் சுற்றிக் காற்றாட இடம் கிடக்கும். தங்கள் ஊர்தியிலோ அது முதுகுக்குப் பின்னே, ஒரு சிறு அறைக்குள், பெட்ரோல் குழாயும் எண்ணெய்க் குழாயும் கனன்று காயும் எக்ஸாஸ்டும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் வகையில் அமைந்திருக்கிறது. அதில் ஒரு சொட்டு இடம் மாறி விழுந்தால் போதும். 2014-இல் போர்ஷே நிறுவனம் தன் 911 ஜிடி3 கார்கள் 785-க்கும் எஞ்சினையே மாற்றிக் கொடுத்தது. அதுவரை யாரும் வண்டியை எடுக்க வேண்டாம் என்றும் வேண்டிக்கொண்டது. காரணம், எஞ்சினுக்குள் இணைப்புத் தண்டைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்து இரண்டு கார்கள் எரிந்துபோயின. ஒரு போல்ட் தளர்ந்ததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்! தங்கள் தீயணைப்பானைப் பாருங்கள். தளர்வதற்கு அதில் ஒரு போல்ட்டும் இல்லை. இதுவல்லவோ முன்யோசனை!

அதைத் தாங்கள் வாங்கிய நேர்த்தியை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. பாமரர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா, தயாரித்த ஆண்டு எது என்றெல்லாம் உருட்டிப் பார்த்துக் கடைக்காரரின் நேரத்தை வீணாக்குவார்கள். தாங்கள் கைப்பேசியிலிருந்த படத்தை உயர்த்தி, இருக்கைத் தையலின் சிவப்பும் உருளையின் சிவப்பும் இசைகின்றனவா என்று மட்டும் பார்த்தீர்கள். இசைந்தன. வாங்கினீர்கள். அப்போது அந்தக் கடைப் பையன் ஒருவன், உலகமறியாத சிறுவன், வாய் திறந்தான்:

“சார், இதை எதுல சார் ஃபிட் பண்றது? சீட்டுக்கு முன்னாடி ஒரு பிளேட் வெச்சு டைட் பண்ணிடலாமா?”

“என்னது, ஓட்டை போடுவியா? என் கார்லயா? அந்தக் கார் என்ன விலை தெரியுமாப்பா உனக்கு?”

அந்தக் கணத்தில் தங்கள் திருமுகத்தில் தோன்றிய வேதனையைக் கண்டவர்கள், பெற்ற பிள்ளைக்குக் காது குத்தும்போதுகூட ஒரு தகப்பன் அப்படித் துடித்ததில்லை என்கிறார்கள். வழியில் தெறிக்கும் சிறு கல்லால் முகப்பில் கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று லட்சக்கணக்கில் செலவழித்து ஊர்தி முழுக்க ஒளிபுகும் படலம் போர்த்தியவர் தாங்கள். அந்தக் கைகள் தரையில் ஒரு போல்ட்டை அனுமதிக்குமா?

எனவே டபுள் சைடு டேப்பைத் தேர்ந்தீர்கள். அதற்கு மேல் இரண்டு வெல்க்ரோ பட்டை. அதற்கும் மேல், பாதுகாப்பில் எள்ளளவும் சமரசம் செய்யாதவர் என்பதால், கறுப்பு நிறத்தில் ஒரு கேபிள் டை. மே மாத வெயிலில் மூடிக்கிடக்கும் காருக்குள் பசை இளகும், நைலான் முறுகும், வெல்க்ரோவைப் பக்கவாட்டில் இழுத்தால் தாங்கினாலும் ஓரத்திலிருந்து உரித்தால் சுலபமாகக் கழன்றுவரும் என்று சில அற்பர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் பொருளின் பலத்தைக் கணக்கிடுகிறவர்கள். தாங்களோ நம்பிக்கையின் பலத்தை அறிந்தவர்.

பசையின் அருமை இத்தாலியர்களுக்கே தெரியவில்லை என்பதுதான் வருத்தம். ஃபெராரி 458 இத்தாலியா காரில் பின்சக்கர வளைவின் வெப்பத் தடுப்பைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். சில கார்களில் அந்தப் பசையே சூடேறித் தீப்பற்றிக்கொண்டது. 2010-இல், அதுவரை செய்த 1,248 கார்களையும் திரும்ப அழைத்து, பசையை நீக்கி உலோகப் பிணைப்புகளைப் பொருத்தினார்கள். குதிரைச் சின்னம் தரித்த குலம் இப்படிப் பின்வாங்கலாமா? தங்களைக் கலந்தாலோசித்திருந்தால் மேலே ஒரு கேபிள் டை போடச் சொல்லியிருப்பீர்கள், விஷயம் முடிந்திருக்கும்.

உருளைக்குத் தாங்கள் அளித்த இடத்தையும் சொல்ல வேண்டும். இருக்கைகளுக்குப் பின்னே, கண்ணாடிக்குக் கீழே, ஒரு சிறு தட்டு இருக்கிறது. தங்கள் பிடரியின் உயரத்தில், பிடரியிலிருந்து ஒரு சாண் தொலைவில். பின்னால் வருகிற வாகனங்களின் விளக்கொளியில் உருளை அங்கே பளபளக்கும். அழுத்தமானி வெளியே பார்த்தபடி திருப்பி வைக்கப்பட்டிருக்கும். உள்ளே இருப்பவர் அதைப் பார்க்க முடியாது, ஆனால் படமெடுப்பவருக்கு அருமையாக விழும். மெய்க்காவலன் எப்போதும் மன்னனின் முதுகுக்குப் பின்னே நிற்க வேண்டும் என்ற அரச மரபை இதைவிட நுட்பமாக யார் பின்பற்றியிருக்கிறார்கள்?

பௌதிகம் படித்த பொறாமைக்காரர்கள் இங்கேயும் விடுவதில்லை. இரண்டு கிலோ பொடி அடைத்த உருளை, அதன் இரும்பும் தலைப்பும் சேர்ந்தால் ஏறக்குறைய மூன்றரை கிலோ என்கிறார்கள். கார் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினால் ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடிக்குள் நின்றுவிடுமாம். கார் நிற்கும், பெல்ட் தங்களை நிறுத்தும், காற்றுப்பை முகத்தை ஏந்தும். உருளையை நிறுத்த மட்டும் ஆளில்லை. அது பழைய வேகத்திலேயே பயணத்தைத் தொடரும். நூறு கிலோமீட்டர் வேகமென்றால், அந்த மூன்றரை கிலோ இரும்பைப் பதின்மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் தலையில் போட்டதற்குச் சமம் என்று காகிதத்தில் கணக்கெழுதிக் காட்டுகிறார்கள். அதனாலென்ன? பதின்மூன்றாம் மாடியில் வீடு வாங்குவது எல்லோருக்கும் வாய்க்கிற காரியமா? தாங்கள் தரைமட்டத்திலேயே அந்த வசதியைச் செய்துவைத்திருக்கிறீர்கள். தீ வராவிட்டாலும் தீயணைப்பான் பயனின்றிப் போகாது. இப்படி இருபயன் கருதி ஒரு பொருளை வைப்பது தேர்ந்த நிர்வாகிகளுக்கே கைவரும்.

அவர்கள் ஒரு பழைய கதையையும் இழுத்துவருவார்கள். 1977 மார்ச் 5, தென்னாப்பிரிக்காவின் கியலாமி தடத்தில் கிராண்ட் பிரி பந்தயம். தடத்தின் ஓரம் ஒரு கார் நின்றுபோய் அதில் சிறு தீ. அதை அணைக்கப் பத்தொன்பது வயதுப் பணியாளர் ஒருவர் ஏறக்குறைய பதினெட்டு கிலோ தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு தடத்தின் குறுக்கே ஓடினார். மேட்டைத் தாண்டி மணிக்கு ஏறக்குறைய 270 கிலோமீட்டரில் வந்த வேல்ஸ் நாட்டு வீரர் டாம் பிரைஸ் அவரைப் பார்த்திருக்க வழியில்லை. பணியாளர் அங்கேயே மாண்டார். அவர் கையிலிருந்த உருளை பிரைஸின் தலைக்கவசத்தில் மோதியது. அவரும் அந்த இடத்திலேயே இறந்தார். உயிரற்ற ஓட்டுநரோடு அந்தக் கார் நேர்கோட்டில் தொடர்ந்து ஓடியது. தலை போய் உருளையில் மோதினாலும் உருளை வந்து தலையில் மோதினாலும் கணக்கு ஒன்றுதான் என்பது இவர்கள் வாதம். தங்களிடம் இதைச் சொன்னபோது தாங்கள் தந்த மறுமொழியைப் பொன்னேட்டில் பொறிக்கலாம்: “அது பதினெட்டு கிலோ, என்னோடது சின்னதுதானே.” அந்த வீரரிடம் தலைக்கவசம் இருந்தது, தங்களிடம் விலையுயர்ந்த தொப்பி இருக்கிறது என்ற வேறுபாட்டைத் தாங்கள் தன்னடக்கத்தால் குறிப்பிடவில்லை.

கோவளத்துக்கு முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்த வரலாறும் உண்டு. அன்று உருளை தங்கள் இருக்கைக்குக் கீழே ஒட்டப்பட்டிருந்தது. தாங்கள் பிரேக்கை மிதித்ததும், கேபிள் டை பட்டென்று தன் கடமையிலிருந்து ஓய்வுபெற, உருளை உருண்டுவந்து தங்கள் பாதத்தின் அருகே பணிந்தது. பிரேக் பெடலுக்கு அடியிலேயே வந்து பணிந்ததால் பெடல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. இத்தனை விசுவாசத்தை எந்த வேலைக்காரனிடம் காண முடியும்? பீங்கான் கலந்த பிரேக் தட்டுகளுக்கு ஒரு சிற்றூர்தியின் விலையைக் கொடுத்தவர், அவற்றின் முழு ஆற்றலையும் பயன்படுத்தாமலேயே மாட்டைக் கடந்தீர்கள். மாடுதான் ஒதுங்கிக்கொண்டது. அன்று மாலையே உருளை பிடரிக்குப் பின்னே பதவி உயர்வு பெற்றது.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மணிமுடி, பள்ளி விடுமுறையில் தங்கள் அக்கா மகன் வந்திருந்தபோது நிகழ்ந்தது. பத்து வயதுச் சிறுவன். மாமாவின் காரில் ஏறப்போகிறோம் என்று முந்தின இரவு முழுக்க உறங்காதவன். பின்தட்டில் அவனுடைய பையை வைக்க வேண்டியிருந்தது. உருளைக்கு இடமில்லை.

“மாமா, இதை எங்க மாமா வைக்கட்டும்?”

“மடியில வெச்சுக்கோடா. கெட்டியாப் புடிச்சுக்கோ, விட்றாத.”

உலோகப் பட்டை, கவ்வி, போல்ட், நட் எனச் சாமானியர்கள் தேடியலையும் அத்தனையும் ஒரு குழந்தையின் இரு கைகளில் அடங்கிவிட்டன. மோதலின்போது புவியீர்ப்பைப்போல் இருபத்தைந்து மடங்கு இழுவிசை என்று வைத்துக்கொண்டால், அந்த மூன்றரை கிலோவைப் பிடித்து நிறுத்த எண்பத்தேழரை கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். சிறுவனின் எடை முப்பது கிலோ இருக்கலாம். மாமன் மருமகன்மீது வைத்த நம்பிக்கைக்கு நம் காவியங்களில்கூட இணை கிடைப்பது கடினம். இன்னொன்று: அந்தப் பக்கத்துக் காற்றுப்பை விரிந்தால் அது முதலில் சந்திப்பது உருளையைத்தான், உருளை அடுத்துச் சந்திப்பது குழந்தையின் மார்பை. காற்றுப்பையின் மென்மையான அடியை நேரடியாகப் படவிடாமல் நடுவில் ஓர் இரும்பை வைத்துக் காத்தீர்கள். அக்காவிடம் இந்த ஏற்பாட்டைத் தாங்கள் சொல்லவில்லை. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது அல்லவா?

இப்போது பாரிஸில் இருக்கும் அச்சம் மிகுந்த ஒரு சபையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உலக மோட்டார் பந்தயங்களை ஆளும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் விதிநூலில் ஜே பிற்சேர்க்கை, 253-ஆம் பிரிவு என்று ஒன்றிருக்கிறது. தீயணைப்பானைப் பிடித்திருக்கும் அமைப்பு, புவியீர்ப்பைப்போல் 25 மடங்கு எதிர்முடுக்கத்தைத் தாங்க வேண்டுமாம். பட்டைகள் உலோகத்தால் ஆனவையாக இருக்க வேண்டுமாம். இழுத்ததும் திறக்கும் உலோகக் கொக்கிகள் குறைந்தது இரண்டு வேண்டுமாம். அதுவும் போதாதென்று, உருளை பட்டைக்குள்ளிருந்து நெடுக்காக வழுக்கி அம்பாய்ப் பாய்ந்துவிடாதபடி தடுப்புக் காதுகளும் வேண்டுமாம். உள்ளே அமர்ந்தவர்களின் கைக்கு எளிதில் எட்ட வேண்டும், இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று நிபந்தனைகள் நீள்கின்றன. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கார்கள் மோதுவதைப் பார்த்துப் பார்த்து அந்த மனிதர்களுக்குத் தைரியம் தேய்ந்துவிட்டது. தாங்கள் இன்னும் ஒருமுறைகூட மோதாதவர். அதனால் தங்கள் துணிவு புத்தம்புதிதாக இருக்கிறது.

அந்த அச்சத்தின் தமிழ்நாட்டுக் கிளையை ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் காணலாம். இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறந்த பந்தயத் தடம். அதற்கு முன் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் வண்டி விட்டவர்களின் வாரிசுகள் அங்கே கூடுகிறார்கள். பரிதாபத்துக்குரியவர்கள். அவர்களுடைய கார்களில் கம்பளமில்லை, பாட்டுப் பெட்டியில்லை, வண்ணமும் பாதி உரிந்திருக்கும். ஆனால் தீயணைப்பானுக்கு மட்டும் என்ன பாடு! இருக்கையைத் தரையோடு பிடிக்கும் முன்பக்க போல்ட்டுகளைக் கழற்றி, அவற்றுக்கு அடியில் குறுக்காக ஒரு கனத்த உலோகப் பட்டையைக் கொடுக்கிறார்கள். பட்டையின் கனத்துக்கேற்ப, அதே தரத்தில் சற்றே நீண்ட போல்ட் போட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குகிறார்கள். பட்டைமேல் இரண்டு உலோகக் கவ்விகள், கழலாத லாக் நட்டுகள். பிறகு இருக்கையைக் கடைசி வரை முன்னும் பின்னும் தள்ளி உருளையில் இடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கை அந்தக் கொக்கிக்குப் போகிறதா என்று ஒத்திகை வேறு. தரையில் ஊசிமுனை அளவு துளைகூட வேண்டாம் இதற்கு. தாங்கள் அஞ்சிய அந்தத் துளை, கடைப் பையன் சொன்ன வழியில் எங்குமே இல்லை. வேறு வழியின்றித் துளையிட நேர்ந்தாலும் காரைத் தூக்கி, அடியில் ஓடும் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எங்கே என்று பார்த்த பின்புதான் டிரில்லைத் தொடுவார்கள். கடையில் உருளையோடு இலவசமாகத் தரும் சுவர்க்கொக்கி சுவருக்கானது என்று சொல்லித் தூர எறிந்துவிடுகிறார்கள். இலவசத்தின் மதிப்பறியாத ஜனங்கள். போட்டிக்கு முன் சோதனை அதிகாரி வந்து உருளையைப் பற்றி ஆட்டிப் பார்ப்பார். அது ஆடினால் வண்டிக்குத் தடத்தில் இடமில்லை. எவ்வளவு நாகரிகமற்ற வரவேற்பு!

அங்கே தங்களை அழைத்துச் சென்ற நண்பர், தங்கள் உருளையையும் அங்குள்ள பந்தயக்காரர் ஒருவரின் உருளையையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னாராம். எனக்குப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. அதியமானின் தூதராய்த் தொண்டைமானிடம் போன ஔவையாருக்கு அம்மன்னன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினானல்லவா? மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் மினுங்க, காவலோடு அடுக்கியிருந்த வேல்களைக் கண்டு அப்பெருமாட்டி எப்படி வியந்து போற்றினார்! அதியமானின் வேல்களோ, பாவம், நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. தொண்டைமான் அந்தப் புகழ்ச்சியைக் கேட்டு எவ்வளவு மகிழ்ந்திருப்பான் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தங்கள் உருளையும் அப்படியே. வாரந்தோறும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, மெழுகு பூசி, கைரேகை படாமல் காக்கப்படுகிறது. இருங்காட்டுக்கோட்டைக்காரரின் உருளையில் கவ்வி உரசிய தழும்பு. போன மாதம் அது காரிலேயே இல்லை. சோதனைக்கும் மறுநிரப்புக்கும் கடைக்குப் போயிருந்தது.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்லி நேரம் கடத்த மாட்டேன். உருளையின் மேல் அச்சிட்ட வெப்ப எல்லை பெரும்பாலும் 55 அல்லது 60 டிகிரி. சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அதைத் தாண்டுவது பெரிய காரியமல்ல. ஓயாத அதிர்வில் உள்ளேயிருக்கும் பொடி அடியில் இறுகிக் கட்டியாகலாம் என்றும், இடையிடையே கவிழ்த்துக் குலுக்கிவைக்க வேண்டும் என்றும் சிலர் சொல்வார்கள். தாங்கள் அதைக் குலுக்கியதே இல்லை. கோவளத்து மாடு ஒருமுறை குலுக்கியது, போதுமே.

ஒருவேளை, தெய்வாதீனமாக, அந்த நாளும் வந்துவிட்டால்? எஞ்சின் மூடியின் இடுக்கில் புகை. எரியும் நாற்றம். அறிந்தவர்கள் மூடியை முழுக்கத் திறக்காமல், காற்று உட்புகாதபடி சிறிது மட்டும் தூக்கி, இடுக்கு வழியே பீய்ச்சச் சொல்வார்கள். இந்த அளவு உருளை பீய்ச்சும் நேரம் சுமார் எட்டுப் பத்து விநாடி. அந்த விநாடிகள் தொடங்குவதற்கு முன் தாங்கள் பெல்ட்டை விடுவித்து, கதவைத் திறந்து, வெளியே வந்து, திரும்ப உள்ளே குனிந்து, பையின் அடியில் உருளை எங்கே போயிற்று என்று துழாவி, மூன்று அடுக்குப் பிணைப்பில் டேப்பைக் கிழித்து, வெல்க்ரோவை உரித்து, கேபிள் டையை வெட்டக் கத்தரிக்கோல் தேட வேண்டும். இங்கேதான் தங்கள் மேதைமையின் உச்சம். மோதும்போது ஒரு கணமும் தாங்காத பிணைப்பு, தீப்பிடித்தபோது மட்டும் உடும்புப் பிடியாய்ப் பிடித்துக்கொள்கிறது. வேண்டும்போது விடாமலும் வேண்டாதபோது விட்டும் உதவுகிற இப்படியொரு பொருத்துமுறையை உலகில் எந்தப் பொறியாளரும் திட்டமிட்டு வடிவமைத்துவிட முடியாது.

கண்டெடுத்த பிறகும் தாங்கள் அவசரப்பட மாட்டீர்கள் என்பதை அறிவேன். பொடி என்பது அம்மோனியம் பாஸ்பேட்; ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தை அரிக்கும், மின்கம்பிகளின் மூட்டுகளுக்குள் புகுந்து உட்கார்ந்துவிடும். எனவே பின்னை இழுப்பதற்கு முன், எஞ்சின் அறை அழுக்காகுமே என்று தாங்கள் ஒரு கணம் தயங்குவீர்கள். எரிந்து கரிக்கட்டையாகும் எஞ்சினில் பொடி படியவிடாமல் காக்கத் துடிக்கும் அந்தத் தூய்மை உணர்வை நினைத்தாலே கண் கலங்குகிறது.

தாங்கள் இந்த ஞாயிறு அடியேனையும் புதுச்சேரி வரை அழைத்துச் செல்வதாக வாக்களித்திருக்கிறீர்கள். பக்கத்து இருக்கை எனக்கென்று ஒதுக்கியிருப்பதாகவும் சொன்னீர்கள். அந்தப் பெரும்பேற்றுக்கு யான் தகுதியற்றவன். தங்கள் உருளைக்கு முன்னால் தலையை நீட்டி உட்காரும் துணிவு மன்னர்களுக்கும் அவர்களுடைய மருமக்களுக்குமே உரியது. அடியேன் திருவான்மியூரில் விழுப்புரம் கோட்டத்துப் பேருந்து பிடித்து வந்துவிடுகிறேன். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தால், தாங்கள் கடக்கும்போது கையசைக்கிறேன். அக்கா மகனை மட்டும் தயைகூர்ந்து என்னோடு அனுப்பிவையுங்கள். பேருந்தில் சில்லறையைக் கையில் வைத்துக்கொள்ள எனக்கு ஒரு பொறுப்பான ஆள் வேண்டும்.